காற்றொழிந்த மாதத்துப் பந்தயம்

சிராங்கூன் சாலையின் குறுக்கே தீபாவளி விளக்குகள் ஏறிவிட்ட ஐப்பசி மாதத்து மாலையொன்றில், தேக்கா சந்தைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அலங்காரத்தின் ஜொலிப்பு தெரியுமேயன்றி, பூக்கடை வாசலில் தொங்கும் மல்லிகைச் சரங்களில் ஒன்றுகூட அசையவில்லை என்ற விஷயம் தெரிவதில்லை. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து ஒரு பருவக்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று என்ற பெயரைச் சுமந்துகொண்டு உண்மையில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வேறொரு காற்றும் இத்தீவின்மீது வீசுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்றுக்குத் திசையும் இல்லை, நிலையான புத்தியும் இல்லை. பாய்மரப் படகுக்காரர்கள் சலித்துக்கொள்ளும் காலம் இது. பாய்மரத்தின் சாஸ்திரத்தை அறிய விரும்புகிறவருக்கோ இதைவிட நல்ல காலம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

காற்று பலமாக அடிக்கும்போது, அது தள்ளுகிறது, படகு போகிறது என்று திருப்தியடைந்து விடுகிறோம். மின்விசிறியின் அடிவேகத்துக்குக்கூட ஈடாகாத ஒரு மெல்லிய காற்றை வைத்துக்கொண்டு, அதுவும் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே, பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒன்றையொன்று முந்திச் செல்வதைப் பார்த்த பிறகுதான், நாம் அதுவரை எதையும் விளங்கிக்கொள்ளவில்லை என்பது விளங்குகிறது.

குளிர்நாடுகளில் இம்மாதங்களுக்கு இலையுதிர் காலம் என்று பெயர். ஏரிக்கரைச் சங்கங்கள் படகுகளைக் கரையேற்றி மூடிவைக்குமுன் ஆண்டின் கடைசிப் பந்தயங்களை நடத்துவதும் அப்போதுதான். அந்தப் பந்தயங்களின் விறுவிறுப்புக்குப் பௌதிக சாஸ்திரத்தில் காரணம் உண்டு. கோடை முழுவதும் வெயிலைக் குடித்த ஏரிநீர் சீக்கிரத்தில் ஆறுவதில்லை. அதன்மேல் வந்து கவியும் காற்றோ குளிர்ந்துவிட்டது. கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும் என்றானதும், நீரையொட்டிய காற்று இலேசாகி மேலெழ, உயரத்தில் தடையின்றி விரைந்துகொண்டிருந்த காற்று அதன் இடத்துக்கு இறங்கி, விட்டுவிட்டு வரும் வீச்சுகளாக நீர்ப்பரப்பை அறைகிறது. தவிரவும், குளிர்ந்த காற்று கனமானது. 5 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.27 கிலோ, நம்முடைய 30 பாகையில் அது 1.16 கிலோதான். ஒரே வேகத்தில் வீசினாலும் அவர்களுடைய காற்று நம்முடையதைவிடச் சுமார் 9 சதவிகிதம் அதிகமாகப் படகை இழுக்கும். நம் காற்றில் கலந்திருக்கும் நீராவி அதை இன்னும் சற்று இலேசாக்குகிறது. ஈரக்காற்று கனமானது என்பது நம் உடம்பு சொல்லும் சாட்சியம். தராசு அதை ஒப்புக்கொள்வதில்லை.

சிங்கப்பூரில் ஏரி எங்கே என்று கேட்கலாம். நகரத்தின் மடியிலேயே ஒன்று இருக்கிறது. மரீனா வாய்க்கால் கடலோடு கலக்குமிடத்தில் 350 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பணை கட்டிக் கடலை வெளியே நிறுத்தியது 2008ஆம் ஆண்டில்; உள்ளே அகப்பட்ட உப்புநீர் மழையினால் சிறிது சிறிதாகக் கழுவப்பட்டு, 2010ல் அது நன்னீர்த் தேக்கமாயிற்று. தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10,000 ஹெக்டேர் நிலத்தின் மழை இதற்கு வந்து சேர்கிறது. தேக்கா என்ற பெயருக்கு ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்று பொருள். அந்த மூங்கில்கள் ஒரு காலத்தில் நின்றது ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில். அக்கால்வாய் காலாங் கழிமுகத்தில் விழ, அதுவும் இன்று இந்த ஏரியின் ஒரு பகுதியே. வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்துப் பொம்மைகளை நனைத்து வழியும் ஐப்பசி மழை, தெருவோர வடிகாலில் இறங்கிக் கால்வாய்க்குப் போய், முடிவில் ஏதோ ஒரு சிறுவனின் படகைத் தாங்கி நிற்கிறது. கடல்நீரைவிட நன்னீர் இலேசானதால், ஆளோடு சேர்த்து 140 கிலோ நிறையுள்ள படகொன்று கடலில் 137 லிட்டர் நீரை விலக்கினால் போதும். இங்கே 140 லிட்டரை விலக்க வேண்டும். பந்தயத்தின் முடிவை மாற்றக்கூடிய வித்தியாசம் அன்று. ஆனாலும் படகு நம் தெருவின் மழைநீரில் மூன்று லிட்டர் அதிகமாக அமிழ்கிறது என்பதை நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிப் பாயின் விஷயத்துக்கு வருவோம். காற்று பாயைத் தள்ளுகிறது என்பது, அது படகின் பின்புறத்திலிருந்து வரும்போது மட்டுமே முழு உண்மை. எதிரிலிருந்து சாய்வாக வரும் காற்றை, சற்றே குழிந்து விரிந்த பாய் தன் வளைவின் வழியே திருப்பிவிடுகிறது. திருப்பப்பட்ட காற்று ஒரு பக்கம் போக, நியூட்டன் சொன்ன நியாயப்படி பாய் மறுபக்கம் இழுக்கப்படுகிறது; பாயின் புடைத்த பக்கத்தில் அழுத்தம் குறைவதும் குழிந்த பக்கத்தில் மிகுவதும் இதே சங்கதியை வேறு பாஷையில் சொல்வதுதான். விமானத்தின் இறக்கைக்கு விளக்கம் கூறும் பாடப்புத்தகங்கள் சில, மேற்பரப்பு நீளமானது, ஆகவே மேலே செல்லும் காற்று கீழே செல்லும் காற்றோடு சேர்ந்துகொள்வதற்காக விரைந்து ஓடுகிறது என்று எழுதிவிடுகின்றன. அது தவறு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சிசாலை எதுவும் வேண்டாம். பாயைப் பார்த்தாலே போதும். ஒற்றைத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே நீளந்தானே? அப்படியிருந்தும் அது படகை இழுத்துக்கொண்டு போகிறது.

இழுக்கிறது என்றேன், ஆனால் அந்த இழுப்பின் பெரும்பகுதி பக்கவாட்டில் இருக்கிறது, சிறுபகுதியே முன்னோக்கி இருக்கிறது. படகின் அடியில் நீருக்குள் இறக்கியிருக்கும் பலகை, பாயின் ரகசியத் துணைவனாக, இங்கேதான் வேலை செய்கிறது. நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால், 7 சதுர மீட்டர் பாயின் பக்கவாட்டு இழுப்பை ஒரு சின்னஞ்சிறு பலகை தடுத்து நிறுத்திவிடுகிறது. எலுமிச்சை விதையை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால், எந்த விரலும் தள்ளாத திசையில் அது பீறிட்டுப் போகிறதல்லவா? காற்று ஒரு விரல், நீர் ஒரு விரல், படகு விதை. காற்று மட்டும் இருந்து நீர் இல்லாவிட்டால் படகு வெறும் பலூன். நீர் மட்டும் இருந்தால் வெறும் கட்டை.

இவ்வளவு யுக்தி இருந்தும் காற்றுக்கு நேரெதிரே எந்தப் படகும் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை விலகித்தான் போகலாம். ஆகவே கொஞ்ச தூரம் இடப்பக்கமும், பாயைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வலப்பக்கமுமாக நெளிந்து நெளிந்து ஏற வேண்டும். பழனி மலையில் படிகளில் ஏறாமல் யானைப் பாதையில் சுற்றி ஏறுகிறவர் செய்வதும் இதுவே. அவரும் மேலே போய்ச் சேருகிறார், நடைதான் அதிகம். நீரில் அந்த அதிகம், நேர்வழித் தூரத்தில் நூற்றுக்கு 41 பங்கு. எந்த இடத்தில் திரும்புவது, எத்தனை முறை திரும்புவது என்பதில்தான் பந்தயத்தின் புத்திசாலித்தனம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொகைகளையும் கணக்கிட்டுப் பார்ப்போம். லேசர் என்ற ஓராள் படகை உலகம் முழுவதும் ஓட்டுகிறார்கள். 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மருத்துவர் பெனடிக்ட் டான் தங்கம் வென்றது அதில்தான். நீளம் 4.2 மீட்டர், படகின் எடை 59 கிலோ, பாய் 7 சதுர மீட்டர். 5 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஐப்பசிக் காற்று அந்தப் பாயின்மேல் செலுத்தும் மொத்த விசை, 3 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமானம். அதிலே முன்னோக்கி இழுக்கும் பங்கு ஏறத்தாழ ஒரு கிலோ. தேக்காவில் வாங்கும் ஒரு கிலோ வெங்காயப் பையின் கனத்தை மட்டும் நம்பி, ஆளும் படகுமாக 140 கிலோ நகர வேண்டும். காற்று இரட்டித்து 10 நாட் ஆனால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகையால் 5 நாட்டில் ஓட்டுகிறவன் ஒரு வெங்காயத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

இதை நான் பிரத்தியட்சமாகத் தெரிந்துகொண்டது ஏரியில் அன்று, கடலில். தீவின் கிழக்கு முனையில், உபின் தீவைப் பார்த்தபடி, சாங்கி பாய்மரப் படகு மன்றம் இருக்கிறது. அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் இளைய நண்பர் ஒருவர், ஆள் குறைகிறது, பாரத்துக்காகவாவது வாருங்கள் என்று ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனார். ஐந்து நிமிஷம் முன்னதாக ஒரு கொடியும் ஒலியும், நான்கு நிமிஷம் இருக்கையில் இன்னொரு கொடி, ஒரு நிமிஷம் இருக்கையில் அது இறக்கம், பிறகு புறப்பாடு. அத்தனையும் நடந்தன, காற்று மட்டும் வரவில்லை. நான் படங்களில் கண்டதை நினைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்து விளிம்பில் வீரனைப்போல் ஏறி உட்கார்ந்தேன்.

"அண்ணே, அங்க வேணாம். கீழ்ப்பக்கம் வாங்க, முன்னாடி தள்ளி. மெதுவா... பூனை மாதிரி" என்றார் நண்பர்.

எல்லோரும் பாய் சாய்ந்திருந்த பக்கத்தில் கூடிக் குந்தினோம். காரணத்தை அவர் பிறகுதான் சொன்னார். படகு கொஞ்சம் சாய்ந்தால், தளர்ந்த பாய் தன் கனத்தினாலேயே தொங்கி, காற்று நிரப்ப முடியாத வளைவைத் தானே எடுத்துக்கொள்ளும். படகின் அடிப்பாகத்தில் நீர்படும் பரப்பும் குறையும். மந்தமான வேகத்தில் படகைத் தடுப்பது அலையன்று, தோலோடு ஒட்டும் நீரின் உராய்வே. முன்னே தள்ளி உட்கார்ந்தால், பின்புறம் நீரை இழுத்துக்கொண்டு வருவதும் நின்றுபோகும். ஒருவர் திடீரென்று எழுந்தாலோ, மேலே பாய்மரத்தின் உச்சி ஒரு முழம் ஆடி, பாயில் அரும்பாடுபட்டு ஒட்டியிருந்த காற்றோட்டம் உதிர்ந்துவிடும். பாயின் முன்விளிம்பருகே இரு பக்கமும் விரல் நீளச் சிவப்புக் கம்பளி நூல்கள் ஒட்டியிருந்தன. இரண்டும் பின்னோக்கிச் சேர்ந்து படிந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. காற்றுக்கு மறுபக்கத்து நூல் துடித்தால் பாயை அளவுக்கு மிஞ்சி இழுத்துக் கட்டியிருக்கிறோம். ஒன்றரை மணி நேரம் நண்பரின் கண்கள் அந்த நூலைவிட்டு அகலவில்லை; தேரின் முட்டுக்கட்டைக்காரர் சக்கரத்தைப் பார்க்கிற பார்வை அது.

இதற்கிடையில் வற்று நீரோட்டம் ஆரம்பித்துவிட்டது. ஏரியில் இல்லாத தொல்லை இது. பாய் எங்களை முன்னே கொண்டுபோன வேகத்தைவிடக் கடல் எங்களைப் பின்னே கொண்டுபோன வேகம் அதிகம். கரையிலிருந்த ஒரு மரத்தை வைத்துப் பார்த்ததில், நாங்கள் கம்பீரமாகப் பாய் விரித்துப் பின்னோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். நண்பர் ஓசைப்படாமல், பக்கத்துப் படகுக்காரர்கள் பார்க்காதபடி, நங்கூரத்தை இறக்கினார். பந்தய விதிகள் அதை அனுமதிக்கின்றன. நாங்கள் நின்றோம், மற்றவர்கள் ஓடினார்கள், பின்னோக்கி. நின்றவன் முந்தும் பந்தயம் வேறு எந்த விளையாட்டிலாவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

காற்றைக் கண்ணால் பார்க்கலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கண்ணாடியாய்க் கிடக்கும் நீரில் மெல்லிய காற்று பட்டதும் எழுபவை பெரிய அலைகள் அல்ல. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியுள்ள நுண்சுருக்கங்கள். அவற்றை ஆள்வது பூமியின் ஈர்ப்பைக் காட்டிலும் நீரின் மேற்பரப்பு இழுவிசையே. காற்று நின்ற கணத்தில் அவையும் மறைந்துவிடும். ஆகையால் அவை சென்ற நிமிஷத்துக் காற்றைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. சுருங்கிய நீர் வானத்தின் வெளிச்சத்தைக் கலைத்துவிடுவதனால் தொலைவிலிருந்து கறுத்த திட்டாகத் தோன்றுகிறது. அந்தக் கறுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் படகைத் திருப்புகிறவனே காற்றோட்டம் அறிந்தவன்.

மரீனா ஏரியில் இந்த வித்தை இரட்டிப்புக் கடினம். 2014, 2015 பிப்ரவரிகளில், நிலையான வடகிழக்குக் காற்றுக் காலத்திலேயே, 40 அடி நீள இரட்டையுடல் படகுகள் அங்கே எக்ஸ்ட்ரீம் செய்லிங் சீரிஸ் என்ற சர்வதேசப் பந்தயத்தில் ஓடின. அவ்வகைப் படகுக்கு உலகம் வழங்கும் பெயர் நம்முடைய கட்டுமரம். பொருள்தான் அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் நம் கட்டுமரம் நெருக்கிக் கட்டிய மரங்கள், அதுவோ பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணியின் வம்சம். பெயரைக் கொடுத்தவர்கள் நாம் என்ற அளவில் மகிழ்ந்துகொள்ளலாம். கரையிலே 200 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்களாக ஒரு ஹோட்டல். எதிர்க்கரையில் வங்கிகளின் அடுக்குமாடிகள். ஒவ்வொரு கட்டடமும் தன் உயரத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்குக் காற்று நிழல் விரிக்கிறது. இரண்டு கட்டடங்களின் சந்தில் நெருக்குண்ட காற்று வேகம் பெற்றுப் பாய்கிறது. நிழலில் நிற்கும் படகுக்கு உயிரில்லை, 50 மீட்டர் தள்ளியிருக்கும் படகு தலைகுப்புறக் கவிழப் பார்க்கிறது. இலையுதிர் ஏரியில் வானம் செய்கிற வேலையை இங்கே கட்டடக்காரர் செய்கிறார்.

ஐப்பசியின் மற்றொரு குணத்தைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை ஆபத்தான கட்டுரையாகிவிடும். காற்றில்லாத பருவம் புயலில்லாத பருவம் ஆகாது. பகல் வெயிலில் தரை சூடேறக் கடற்காற்றுகள் உள்ளே வந்து மோதி மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகங்களாகக் குமுறுகின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் சுமத்ரா என்று நாம் அழைக்கும் சூறை வேறு இருக்கிறது. இரவில் சுமத்ரா தீவின்மேலோ மலாக்கா நீரிணையிலோ வரிசைகட்டிய மேகங்கள், விடியற்காலையிலோ காலையிலோ மேற்கிலிருந்து இங்கே வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துவிட்டுப் போகும். இந்தத் தீவில் பதிவான மிகப் பெரிய வீச்சு, 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் சுமத்ரா கொண்டுவந்த 144.4 கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வீச்சே, நாம் முன்பு கணக்கிட்ட 5 நாட் காற்றைப்போல் சுமார் 75 மடங்கு விசையுள்ளது. வெங்காயப் பை மூட்டை மூட்டையாக வந்து விழுவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

அப்படிப்பட்ட காற்றில் படகு கவிழாமல் காப்பது, வெளியே தொங்கும் மனித உடம்பு. இதை நவீன விளையாட்டின் கண்டுபிடிப்பாக எண்ணுகிறவர்கள் பாக் விரிகுடாவைப் பார்த்ததில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் வெளியிட்ட படகு ஆராய்ச்சியில், அந்தக் கரையின் படகுகளில் குறுக்கே நீட்டப்படும் சமன்பலகையை விவரிக்கிறார். காற்று மிகும்போது ஆட்கள் அதன் நுனிக்கு நகர்ந்து உட்காருவார்கள். தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் போட்டிகளில் இன்றும் இந்தக் கலையைக் காணலாம். நெம்புகோலின் கணிதம் இதில் முழுமையாக இருக்கிறது. அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்த 60 கிலோ மனிதன் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால், நான்கு மனிதர் செய்யும் வேலையைச் செய்கிறான். சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டில் புத்தாண்டு தினத்து நீர்விளையாட்டுகளில் மலாய்க்காரர்களின் கோலேக் படகுகள் ஐரோப்பியரைக் கரையில் வாய்பிளக்க வைத்தன.

இன்று அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் மேக்ஸ் மேடர். 17 வயதில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில், சிங்கப்பூரின் தேசிய தினமான ஆகஸ்ட் 9 அன்று அவர் வெண்கலம் பெற்றது பாயினால்கூட அன்று, பட்டத்தினால். மார்சே கடலில் காற்று ஏமாற்றியதால் அந்தப் போட்டிகள் தள்ளித் தள்ளிப் போயின. காற்று மந்தமாயிருக்கையில் பட்டம் பாயைவிடச் சிறந்ததாவதற்குக் காரணம் சாதாரணமானது: நீரோடு உராயும் காற்று தளர்ந்துபோகிறது, மேலே போகப் போக வேகம் கூடுகிறது. நீண்ட கயிற்றின் நுனியில் பட்டம் அந்த மேற்காற்றைப் பிடிக்கிறது.

சாங்கியில் எங்கள் பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு, குறைந்த புள்ளியே வெற்றி என்பது இந்த விளையாட்டின் விசித்திரமான கணக்கு. எங்களுக்குப் புள்ளியே கிடைக்கவில்லை. ஜொகூர் பக்கம் இடி கேட்டது. நடுவர் படகில் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி ஏற, மூன்று முறை ஊதினார்கள். பந்தயம் ரத்து. நங்கூரத்தை இழுத்துக்கொண்டு, இயந்திரத்தை முடுக்கிக் கரை சேர்ந்தோம்.

சாங்கிவரை போக வசதியில்லாதவர்கள், அடுத்த ஐப்பசியில் ஒரு மாலை, கரையோரப் பூந்தோட்டங்கள் ரயில் நிலையத்தில் இறங்கித் தடுப்பணைக்கு நடந்து போங்கள். அதன் கூரைமேல் புல்வெளி இருக்கிறது, கட்டணமில்லை, பட்டம் விடும் குடும்பங்கள் கூடியிருக்கும். ஒரு பட்டம் உயரத்தில் விறைத்து நிற்கும் அதே வேளையில் கீழே ஏரி சலனமற்றுக் கிடந்தால், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு நீரில் ஒரு கறுத்த திட்டு எந்தப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது என்று காத்திருங்கள். மேற்கே வானமும் கறுத்தால் மட்டும் காத்திராமல் இறங்கிவிடுங்கள்.